சிற்பம் போன்ற விளக்கும் இரட்டை வேலைக் கருவியும்: தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள பத்தொன்பது மணி நேரமும் அது அணைந்தபடியே அறையில் நிற்கிறது. சாதாரண விளக்கைப் பொறுத்தவரை இது ஒரு பொருட்டே இல்லை. கூரையோடு ஒட்டிய வட்டத் தட்டைப் பகலில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சிற்பமாகவும் இருக்கட்டும் என்று எண்ணி வாங்கும் விளக்கோ தன் ஆயுளில் பெரும்பகுதியை ஒளி இல்லாமலேயே கழிக்கப் போகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அணைந்த நிலையில் அதன் உருவத்தை. அதோடு சார்ஜர், ஸ்பீக்கர், கடிகாரம் என்று வேறு வேலைகளும் அதனுள் அடங்கியிருந்தால், அவை ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. என் அனுபவத்தில், வாங்குபவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

உருவமும் அளவும்

விற்பனைப் படங்களில் விளக்கு பெரும்பாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். சுற்றிலும் அறை இருட்டாக இருக்கும். அணைந்த நிலையில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எரியும்போது தேன் நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக், பகலில் வெளுத்த பால் டப்பாவைப் போலத் தெரியலாம். பிறகு விளக்கின் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு, அதே அளவுக்குப் பழைய அட்டையை வெட்டி, விளக்கு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வையுங்கள். தொங்கு விளக்கானால் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கிறதா, அறைக்கு மிகச் சிறியதாகத் தெரிகிறதா என்பதெல்லாம் மாலைக்குள் புரிந்துவிடும். பெரியதை வாங்கித் தவிப்பவர்களைவிடச் சிறியதை வாங்கி ஏமாறுபவர்களே அதிகம். கடையின் நெருக்கடியில் பெரிதாகத் தெரிந்த பொருள் வீட்டுச் சுவரின் முன் சுருங்கிவிடுகிறது.

உயரத்துக்குச் சில எளிய அளவுகள் உண்டு. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் அடிவிளிம்பு, மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கண்ணும் கூசாது, எதிரில் இருப்பவரின் முகமும் மறையாது. நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் நிலை விளக்கின் மூடி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். அதற்கு மேலே போனால் பல்பு நேராகக் கண்ணில் படும்.

ஓர் அறையில் இப்படிப்பட்ட விளக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தால் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கும். மற்ற விளக்குகள் அடக்கமாக, கண்ணில் படாமல் ஒளியை மட்டும் தந்தால் போதுமானது.

அழகான மூடி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது

சிற்ப விளக்குகளில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். பல்பின் ஒளி லூமெனில் அளக்கப்படுகிறது. பழைய 60 வாட் இழை பல்பு தந்த ஒளி ஏறக்குறைய 800 லூமென்; அதே ஒளியை இன்றைய எல்.இ.டி. பல்பு 8 அல்லது 9 வாட்டில் தந்துவிடுகிறது. ஆனால் நமக்கு வேண்டியது புத்தகத்தின் மீது விழும் ஒளி. அதை லக்ஸில் அளக்கிறார்கள். வாசிப்பதற்கு 300 முதல் 500 லக்ஸ் தேவை. 800 லூமென் பல்பைக் கோள வடிவக் காகித மூடிக்குள் வைத்தால், மூடி ஒளியைச் சிறிதும் விழுங்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் அந்த ஒளி ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 64 லக்ஸ்தான் தரும். தொலைவைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், அரை மீட்டரில் அது 255 லக்ஸ். சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் எதிரொளி கொஞ்சம் கைகொடுக்கும். இருந்தாலும் கணக்கு தெளிவாகவே இருக்கிறது: அறையின் மூலையில் நிற்கும் அழகிய உருண்டை, சோபாவில் படிப்பவருக்கு உதவாது. அதைச் சூழலுக்கான விளக்காக வைத்துக்கொண்டு, படிக்கும் இடத்துக்கு ஒளியைக் குவித்துத் தரும் சிறிய விளக்கு ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

உலோக மூடி இதற்கு நேர்மாறாகச் செயல்படும். ஒளி முழுவதையும் கீழே தள்ளி, கூரையை இருட்டாக விட்டுவிடும். மேசைக்கு மேலே அது நன்று. அறையின் ஒரே விளக்காக இருந்தால் குகையில் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். துளையிட்ட தகடும் பிரம்புப் பின்னலும் சுவரில் நிழற்கோலம் வரைவதற்கென்றே வாங்கப்படுகின்றன. கோலம் கூர்மையாக விழ வேண்டுமானால் உள்ளே தெளிவான கண்ணாடியும் சிறிய ஒளிப்புள்ளியும் கொண்ட பல்பு வேண்டும். பால் நிறப் பல்பைப் போட்டால் கோலம் கலைந்து புகையாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: சுவரை ஒட்டி மேலிருந்து கீழாக வழியும் ஒளி, பூச்சின் மேடுபள்ளம் அனைத்தையும் காட்டிக்கொடுக்கும். கருங்கல் சுவருக்கு அது அழகு சேர்க்கும். அவசரத்தில் பூசிய சுவருக்குச் சேர்க்காது.

கண்கூச்சத்தைத் தவிர்க்கும் கலையை அறிய விரும்புபவர்கள் டென்மார்க் வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்சனின் விளக்குகளைப் பார்க்கலாம். 1920-களின் நடுவிலேயே அவர் மூன்று மூடிகளை அடுக்கி, பல்பு எந்தக் கோணத்திலும் கண்ணில் படாமல் ஒளி மட்டும் வழிந்து வரும்படி செய்தார். 1958-இல் கோபன்ஹேகன் உணவகம் ஒன்றுக்காக அவர் வடிவமைத்த ஆர்ட்டிசோக் விளக்கில், 12 அடுக்குகளில் 72 தகட்டு இதழ்கள் இருக்கின்றன; இதழ்களுக்கு இடையே ஒளி கசியுமே தவிர பல்பைக் காண முடியாது. அந்த 72 இதழ்களையும் தூசி துடைக்கப் போவது யார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுக்கு அதிகமானால் துடைக்கும் வேலையும் அதிகம். காகித மூடியை ஈரத் துணியால் தொடக் கூடாது. உலர்ந்த, மென்மையான தூரிகையே அதற்கு ஏற்றது.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்கிறார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் வெண்மை. ஓய்வெடுக்கும் அறையில் 2700 முதல் 3000 கெல்வின், வேலை செய்யும் மேசையில் 4000 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் தவறாது. மரத்தின் நிறமும் தோலின் நிறமும் உள்ளபடி தெரிய வேண்டுமானால் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை நூறுக்கு அளக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்க வேண்டும். மினுக்கம் இருக்கிறதா என்று அறிய, கைபேசி கேமராவில் வேகம் குறைந்த காணொளி எடுத்துப் பாருங்கள். படத்தில் ஒளி துடித்தால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒரே உறுப்பு இரு வேலை செய்கிறதா, இரு கருவிகள் ஓர் உறைக்குள் இருக்கின்றனவா

பல வேலைகளுக்குப் பயன்படும் பொருள்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதல் வகையில் ஒரே உறுப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ரிச்சர்ட் சாப்பர் 1972-இல் வடிவமைத்த டிசியோ மேசை விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடிப்பகுதியில் இருக்கும் மின்மாற்றியின் எடையே விளக்கு கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. குறைந்த வோல்ட் மின்சாரம் அதன் உலோகக் கைகள் வழியாகவே பாய்வதால், கைகளின் மீது தனி வயர் ஓடுவதில்லை. 1962-இல் அக்கிலே, பியர் ஜாக்கோமோ காஸ்டிக்லியோனி சகோதரர்கள் வடிவமைத்த ஆர்க்கோ நிலை விளக்கும் அப்படித்தான். கூரையில் துளையிடாமலேயே மேசைக்கு மேல் ஒளி வேண்டும் என்பதற்காக வளைந்த நீண்ட கையை வைத்தார்கள். அதைத் தாங்க ஏறக்குறைய 65 கிலோ எடையுள்ள பளிங்குக் கல்லை வைத்தார்கள். அந்தக் கல்லில் இருக்கும் துளை அலங்காரத்துக்கானது அல்ல, துடைப்பக்கட்டையைச் செருகி இருவர் தூக்கிச் செல்வதற்கானது. இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றபின் உருவாக்கத் தொடங்கிய அகாரி விளக்குகளில், காகிதத்துக்கு வடிவம் தரும் மூங்கில் விலாக்களே அதைத் தட்டையாக மடக்கி எடுத்துச் செல்லவும் வழி செய்கின்றன. இந்த வடிவங்கள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருப்பதற்கு அழகு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாம் வகையில் தனித்தனிக் கருவிகள் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. சந்தையில் இன்று குவிந்திருப்பவை இவைதான். இவற்றை வாங்கவே கூடாது என்பதில்லை. வாங்குமுன் மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். இரு வேலைகளும் ஒரே இடத்தில் தேவைப்படுகின்றனவா, ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றனவா, ஏறக்குறைய ஒரே காலம் உழைக்குமா? மூன்றாவது பொருத்தம் இல்லையென்றால், ஒன்று பழுதானபின் அதை மட்டும் கழற்றி எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கின் அடியில் வயர்லெஸ் சார்ஜர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைபேசி இரவில் அங்கேதான் கிடக்கும் என்பதால் இடப் பொருத்தம் இருக்கிறது. நேரப் பொருத்தமும் இருக்கிறது. ஆயுட்பொருத்தம்தான் இல்லை. நல்ல பீங்கான் உடல் முப்பது ஆண்டுகள் நிற்கும். சார்ஜர் தொழில்நுட்பமோ அதற்குள் பலமுறை மாறிவிடும். காந்தத்தால் கைபேசியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் சி2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜர் தரம் 2023-இல் வந்தபின், அதற்கு முந்தைய சி (Qi) தர விளக்குகள் பழையதாகிவிட்டன. சார்ஜருக்குள் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து கைபேசி சற்று விலகியிருந்தாலும் வேகம் குறைந்து சூடு ஏறுவது இவ்வகைச் சார்ஜரின் இயல்பு என்பதால், காந்தம் இல்லாத விளக்கில் நடு இரவில் கைபேசி நகர்ந்துவிட்டால் காலையில் ஏமாற்றம்தான். எனவே சார்ஜர் பதித்த விளக்கைவிட, அகன்ற தட்டையான அடிப்பகுதியும் பின்னால் வயர் நுழையும் துளையும் கொண்ட விளக்கையே நான் சொல்வேன். அதன்மேல் எந்தச் சார்ஜர் தட்டை வேண்டுமானாலும் வைக்கலாம். காலம் மாறும்போது தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் சேர்ந்த விளக்கில் இடப்பொருத்தமே சிக்கல். ஒலி காதுமட்டத்தில், மூலையிலிருந்து விலகி வர வேண்டும். ஒளிக்கோ மூலையே பெரும்பாலும் ஏற்ற இடம். மெல்லிய கண்ணாடியும் தகடும் தாழ்ந்த ஒலிக்கு அதிர்ந்து கிணுகிணுக்கும். கடையில் கேட்டுப் பார்க்கும்போது பாஸ் மிகுந்த பாடலைப் போடச் சொல்லி, மூடியின்மேல் விரலை வையுங்கள். ஊதிச் செய்த அழகிய கண்ணாடி மூடியோடு இப்படி ஒன்றை நானும் வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் உள்ளே இருந்த பேட்டரி உப்பிவிட்டது; அடித்தட்டு பசையால் ஒட்டப்பட்டிருந்ததால் உடைக்காமல் திறக்க வழியில்லை. பேட்டரி போனதும் ஒளியும் போயிற்று, ஒலியும் போயிற்று. கண்ணாடி மூடி மட்டும் பழுதில்லாமல் அலமாரியில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பொருளையும் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை கேட்கிறேன்.

மூன்று பொருத்தங்களும் கூடிவரும் கருவிகளும் இருக்கின்றன. விடியலைப் போல மெல்ல ஒளி கூடி எழுப்பும் கடிகார விளக்கில், ஒளியே மணியோசையின் வேலையைச் செய்கிறது. அது முதல் வகையைச் சேர்ந்தது. மின்சாரம் நின்றாலும் தொடர்ந்து எரியும், உள்ளே பேட்டரி வைத்த அவசரகாலப் பல்பு இன்னொன்று. பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும் பல்பை மட்டும் மாற்றினால் போதும், விளக்குக்கு ஒன்றும் ஆகாது. சுவர் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால்தான் அதன் பேட்டரிக்கு மின்சாரம் ஏறும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். தட்டோடு கூடிய நிலை விளக்கு, முக்காலியாகவும் பயன்படும் விளக்கு போன்றவற்றில் மின்னணுப் பாகமே கூடுதலாக இல்லாததால் கவலையும் இல்லை. விளக்கு பொருத்திய முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினால் ஒளி இருபக்கமும் முகமட்டத்தில் இருக்க வேண்டும். மேலே மட்டும் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து முகம் களைத்துத் தெரியும். மின்விசிறி விளக்கில் விளக்கு இறக்கைகளுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் சுழலும் நிழல் அறை முழுக்க வெட்டி வெட்டி ஓடும்.

பல்பு மாற்றும் விளக்கா, பதித்த எல்.இ.டி.யா

எல்.இ.டி. பட்டியைப் பதித்த மெல்லிய விளக்குகள், பல்பு வைத்த எந்த விளக்காலும் எட்ட முடியாத வடிவங்களை எட்டுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. 25,000 மணி நேரம் என்ற ஆயுள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் எல்.இ.டி. சில்லுக்கு முன்பே பெரும்பாலும் பழுதாவது அதற்கு மின்சாரம் தரும் டிரைவர்தான். அதிலுள்ள கெபாசிட்டர்களை வெப்பம் தின்றுவிடுகிறது. டிரைவர் தனிப் பெட்டியாக, கழற்றி மாட்டும் வகையில் இருந்தால் பதித்த விளக்கை வாங்கலாம். உடலுக்குள்ளேயே மூடிவைத்திருந்தால் இ27 என்ற திருகு வகை போன்ற பொது ஹோல்டர் உள்ள விளக்கே மேல். அதிலும் முழுக்க மூடிய கோளமானால், மூடிய விளக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பையே போடுங்கள்.

ஸ்மார்ட் வசதி வேண்டுமானாலும் இதே வழிதான்: உருவத்தைச் சாதாரணமாக வாங்கி, அறிவைப் பல்பிலோ சுவர் ஸ்விட்சிலோ வையுங்கள். ஸ்மார்ட் பல்பைப் போட்டுவிட்டுச் சுவர் ஸ்விட்சை யாராவது அணைத்தால் கைபேசி கட்டளை எதுவும் செல்லாது; விருந்தினர் வரும் வீட்டில் இது அன்றாடக் கூத்து. ஸ்மார்ட் ஸ்விட்சும் சாதாரணப் பல்பும் என்ற ஏற்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே நிறுவனத்தின் செயலியை நம்பியிருப்பதைவிட, பல நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச 2022-இல் வெளியான மேட்டர் (Matter) என்ற பொதுத் தரத்தை ஏற்ற கருவிகளைத் தேர்ந்தெடுத்தால், செயலி நின்றுபோனாலும் கருவி பயன்படும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் பல்பு ஒளி குறைக்கக்கூடியதா, அந்த டிம்மரோடு ஒத்துப்போகுமா என்று எரியவிட்டே பாருங்கள். சும்மா இருக்கும்போதும் ஸ்மார்ட் கருவி ஒன்று அரை வாட் அளவு மின்சாரம் இழுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.4 யூனிட் ஆகும். ஒன்றுக்குப் பரவாயில்லை, பத்து சேர்ந்தால் 44 யூனிட்.

கம்பியில்லாமல் எடுத்துச் செல்லும் பேட்டரி விளக்கில், லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியபின் கொள்ளளவு குறையத் தொடங்கும். தனியாகக் கழற்றக்கூடிய பொது அளவு பேட்டரியும், யு.எஸ்.பி. டைப்-சி துளையும் உள்ளதைத் தேடுங்கள். சாரல் படும் இடத்துக்கு, தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும் ஐபி44 குறியீடாவது வேண்டும்.

பொருத்துதல்

மெயின் ஸ்விட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்பே கை வையுங்கள். தொங்கு விளக்கின் எடையை மின்வயர் தாங்கக் கூடாது. கான்கிரீட்டிலோ மரச்சட்டத்திலோ பதித்த கொக்கியும் எஃகுக் கம்பியுமே தாங்க வேண்டும். ஜிப்சம் பலகைக் கூரையில் பலகைக்கு மேலே இருக்கும் சட்டத்தைக் கண்டுபிடிக்காமல் திருகாணி அடிக்க வேண்டாம். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் வயர் இணைக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் மட்டும் அது இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் தேவையில்லை. இதில் எதுவும் பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நிலை விளக்கை வைத்தபின் அதன் உச்சியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஆடிவிட்டுத் தானாக நிமிர வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். வயர் நடைபாதையைக் கடக்காமல் சுவரோரமாகவே போகட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறு துண்டுச் சீட்டில் ஹோல்டர் வகை, பல்பின் லூமென், கெல்வின் எண், டிரைவரின் வோல்ட், பேட்டரியின் எண், வாங்கிய மாதம் ஆகியவற்றை எழுதி விளக்கின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பெட்டியும் ரசீதும் எங்கே போயின என்று தெரியாத நேரத்தில், அதே மாதிரி பல்பு கேட்டு ஒருவர் கடைக்குப் போக அந்தச் சீட்டே போதும்.